ஒரே ஹாலில் 120 பேர்: பிரிப்பதா, சேர்த்தே நடத்துவதா?

சேலம் வட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரிய வகுப்பு உருவாவது பெரும்பாலும் துணைப்பாடத்தில்தான். இயற்பியல், தாவரவியல், விலங்கியல் முதலாமாண்டு மாணவர்களை ஒன்றாக உட்கார வைத்து வேதியியல் நடத்தினால், துறைக்கு 40 பேர் என்று வைத்தாலே 120 ஆகிவிடும். இவர்களை என்ன செய்வது என்ற கேள்வி, ஒவ்வோர் ஆண்டும் கால அட்டவணை போடும்போது மேசைக்கு வரும். பெரும்பாலும் "போன வருஷம் மாதிரியே போட்டுடலாம்" என்று முடியும்.

அப்படி முடிக்காமல் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு நான்கு பீரியட் தியரி, பீரியட்டுக்கு 50 நிமிடம், பருவத்தில் 15 வாரம், பாடம் எடுக்க இரண்டு ஆசிரியர்கள், துறையில் முதுகலை அல்லது மூன்றாமாண்டு வேதியியல் மாணவர்கள் உண்டு என்று எடுத்துக்கொள்வோம். வழிகள் நான்கு: வழக்கம்போல் சேர்த்து நடத்துவது, அறுபது அறுபதாகப் பிரிப்பது, பாடத்தை வீடியோவாகக் கொடுத்துவிட்டு வகுப்பில் கணக்குப் போடவைப்பது, மூன்று பீரியட் சேர்த்து நடத்தி, நான்காவதை எட்டு எட்டுப் பேராகப் பிரிந்து உட்கார விடுவது. எங்கள் பரிந்துரை நான்காவது. காரணங்களையும், அது எங்கே சறுக்கும் என்பதையும் விரிவாகச் சொல்கிறோம்.

நான்கையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். ஒரு மாணவருக்குப் பாடம் புரியவில்லை என்பது ஆசிரியருக்கு எத்தனையாவது வாரத்தில் தெரிகிறது? முதல் இன்டர்னல் ஆறாவது, ஏழாவது வாரத்தில் வருகிறது. விடைத்தாள் திருத்தி மதிப்பெண் போடுவதற்குள் பருவத்தில் பாதி போய்விடும். மோல் கணக்கு இரண்டாவது வாரத்திலேயே கைநழுவிய மாணவர், அதன்மேல் கட்டிய கரைசல் செறிவு, பருமனறி பகுப்பாய்வு இரண்டிலும் சேர்ந்தே கைநழுவியிருப்பார். அரியர் விழும் இடம் பருவத்தேர்வு அறை. ஆனால் அது தொடங்குவது மூன்றாவது வாரத்தில். எந்த ஏற்பாடு அந்த மூன்றாவது வாரத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறதோ அதுதான் நல்ல ஏற்பாடு.

வழக்கம்போல் சேர்த்து நடத்துவது

செலவு குறைவு: வாரத்துக்கு நான்கு ஆசிரியர் பீரியட், அவ்வளவே. பாடத்தை நன்றாகச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் 120 பேருக்கும் அந்த நல்ல விளக்கம் கிடைக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

கெடுவது சின்னச் சின்ன விஷயங்களில். பெயர் கூப்பிட்டு வருகை எடுத்தால் ஒருவருக்கு நான்கு விநாடி வீதம் எட்டு நிமிடம் போகும். வாரத்துக்கு 32 நிமிடம். பருவம் முழுக்க எட்டு மணி நேரம். ஒரு முழு அலகை நடத்தி முடிக்கும் நேரம் அது. பெஞ்சுக்கு எண் போட்டு, இருக்கை வரைபடம் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டால் காலி இடங்களைக் குறிக்க ஒரு நிமிடம் போதும். முதல் இரண்டு வாரம் இடம் மாறி உட்காருவார்கள். விடாப்பிடியாக இருந்தால் மூன்றாவது வாரத்தில் பழகிவிடும்.

அடுத்தது கரும்பலகை. நாற்பதடி நீள ஹாலில் கடைசி பெஞ்சுக்குத் தெரிய எழுத்து இரண்டு அங்குல உயரமாவது இருக்க வேண்டும். வேதியியலில் இது வெறும் வசதிக் கேள்வி இல்லை. கார்பன் டை ஆக்சைடின் வாய்பாட்டில் அடியில் எழுதும் 2 மங்கிப்போனால், பின்னால் இருப்பவர் நோட்டில் கார்பன் மோனாக்சைடு ஏறிவிடும். சமன்பாடு சமன் ஆகாதபோது பிழை எங்கே என்று அவருக்குத் தெரியாது. அடியெழுத்துகளை வேறு நிறச் சாக்பீஸில் எழுதுங்கள். பலகையின் கீழ் ஓரத்தில் எழுதாதீர்கள், முன்னால் இருப்பவர் தலை மறைக்கும். மைக் இருந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். தொண்டையைக் கட்டி நடத்தும் குரல் மதியத்துக்குள் கம்மிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு குறை தீராது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் முன் மூன்று பெஞ்சு "புரிஞ்சுது சார்" என்று சேர்ந்து சொல்லும். மற்ற பெஞ்சுகளின் நிலை இன்டர்னல் வரை தெரியாது. எங்கள் அளவுகோலில் இந்த வழி விழுவது இங்கேதான்.

அறுபது அறுபதாகப் பிரிப்பது

பெரும்பாலான துறைகளின் முதல் ஆசை இது. நியாயமான ஆசைதான்: முகம் தெரியும், நோட்டைப் பார்க்கலாம், பின் பெஞ்சுப் பேச்சு குறையும். ஆனால் நான்கு பீரியட் எட்டாகிறது. அந்தக் கூடுதல் நான்கு பீரியட்டில் நடப்பது என்ன? அதே விரிவுரை இன்னொரு முறை. அறுபது பேர் முன்னாலும் ஆசிரியர் பேசிக்கொண்டே இருந்தால், முன் பெஞ்சுகள் போக மற்றவர்களுக்குப் புரிந்ததா இல்லையா என்பது அப்போதும் தெரியாது.

இதற்கு வெளியிலிருந்தும் ஆதாரம் உண்டு. 2014இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர், கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 விழுக்காடு, மாணவர்களை வகுப்புக்குள்ளேயே யோசித்துப் பேசி விடைகாண வைத்த வகுப்புகளில் 21.8. ஐம்பது பேருக்கு உட்பட்ட வகுப்புகளில் பலன் கூடுதல் என்பது உண்மை. ஆனால் பெரிய வகுப்புகளிலும் பலன் இருந்தது. எனவே வகுப்பின் அளவைவிட, அந்த 50 நிமிடத்தில் மாணவர் என்ன செய்கிறார் என்பதையே முதலில் மாற்ற வேண்டும்.

பிரித்தால் புதிதாக முளைக்கும் சிக்கல்களும் உண்டு. இரண்டு ஆசிரியர், இரண்டு வேகம், ஒரே வினாத்தாள். ஐந்தாவது வாரத்தில் ஒரு பிரிவு கரைசல்களில் இருக்கும், மற்றது இன்னும் வாயு விதிகளில் நிற்கும். "அந்த செக்‌ஷனுக்கு இம்பார்ட்டன்ட் கொஸ்டின் குடுத்திருக்காங்க" என்ற புகார் வரும். ஒரே ஆசிரியர் இரண்டையும் எடுத்தால், மதியத்துக்கு விழும் பிரிவுக்குக் களைத்த பாடம்தான் கிடைக்கும். சேலத்தின் மார்ச், ஏப்ரல் மதியத்தில் மேல்தளத்து அறையில் நடத்திப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நிலையில் மட்டும் பிரிப்பதே சரி: 120 பேர் உட்கார ஹாலே இல்லாமல், பெஞ்சுக்கு ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்து எழுத இடமில்லாமல் இருந்தால் வேறு பேச்சே வேண்டாம், பிரித்துவிடுங்கள். ஆய்வகத்தைப் பொறுத்தவரை கேள்வியே எழவில்லை. ப்யூரெட் (கரைசலை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாய்) எத்தனை, மேசை எத்தனை என்பதே பேட்ச் அளவைத் தீர்மானிக்கும்.

வீடியோ கொடுத்து வகுப்பில் கணக்குப் போடவைப்பது

கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் சேலத்தில் இது தடுக்கி விழும் இடம் தெளிவானது. ஓமலூர், ஆத்தூர், எடப்பாடி, மேட்டூர் என்று பஸ் பிடித்து வருகிற மாணவர்கள் வீடு சேர மாலையாகும். சிலர் வீட்டில் விசைத்தறி ஓட வேண்டும். சிலர் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போக வேண்டும். சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கு விடுமுறையில் திரும்பும் மாணவருக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போக வேண்டியிருக்கும். ஆக, பாதிப் பேர் பார்க்காமல் வருவார்கள். ஆசிரியர் மனம் கேட்காமல் முதல் 25 நிமிடம் பாடத்தை மறுபடி சொல்வார். பார்த்துவிட்டு வந்தவர் "எப்படியும் சொல்லத்தான் போறாங்க" என்று அடுத்த வாரம் பார்ப்பதை நிறுத்துவார். மூன்றே வாரத்தில் ஏற்பாடு முழுவதும் பழைய விரிவுரையாகிவிடும்.

அதற்காக வீடியோவே வேண்டாம் என்பதில்லை. கைவேலையைக் காட்ட அதற்கு இணை கிடையாது. ப்யூரெட்டில் பிறைமட்டத்தின் அடிப்புறத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிப்பது, பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதாமல் விடுவது, மடக்கை அட்டவணை பார்ப்பது: இவற்றுக்கு ஆறேழு நிமிடப் படம் ஒன்று, ஆய்வக நாளுக்கு முன்னால் போதும். தியரிக்கு இரண்டு பக்க அச்சுத்தாளும் அதில் மூன்று கேள்விகளும் வீடியோவைவிட நம்பகமானவை. தாளைப் பஸ்ஸிலும் படிக்கலாம்.

மூன்று சேர்த்து, ஒன்று பிரித்து

கணக்கு இப்படி வரும். மூன்று பீரியட் 120 பேரும் ஒன்றாக, ஓர் ஆசிரியர். நான்காவது பீரியட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டில் எட்டுப் பேர் குழுக்கள் 15. அறைக்கு ஓர் ஆசிரியர், குழுவுக்கு ஒரு மூத்த மாணவர். ஐந்து ஆசிரியர் பீரியட் ஆயிற்று. மூத்த மாணவர்களைத் தயார் செய்ய வாரத்துக்கு 45 நிமிடம் சேர்த்தால் ஆறு. பிரிப்பதற்கு ஆகும் எட்டைவிட இரண்டு குறைவு.

சேர்ந்து இருக்கும் மூன்று பீரியட்டிலும் விரிவுரையை இரண்டு இடத்தில் நிறுத்தி வாக்கெடுப்புக் கேள்வி கேட்க வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இது. பெரிய ஹாலுக்கென்றே பிறந்தது போல் பொருந்துகிறது. ஒரு கேள்வியை அருகில் வைத்துப் பார்க்கலாம்.

சேலத்து வெள்ளைக்கல்லை எடுத்துக்கொள்வோம், மக்னீசியம் கார்பனேட். தூய வெள்ளைக்கல் 8.4 கிராமைச் சூளையில் முழுவதும் சுட்டபின் எஞ்சும் திடப்பொருள் எவ்வளவு? மக்னீசியம் 24, கார்பன் 12, ஆக்சிஜன் 16. விடைகள்: (1) 8.4 கிராம், (2) 4.0 கிராம், (3) 4.4 கிராம், (4) 10.0 கிராம்.

விடை 4.0. மோலார் நிறை 84 என்பதால் கையிலிருப்பது 0.1 மோல். எஞ்சுவது 0.1 மோல் மக்னீசியம் ஆக்சைடு. ஆனால் இந்தக் கேள்வியின் உயிர் தவறான விடைகளில் இருக்கிறது. 8.4 சொல்பவர் பொருண்மை அழியாது என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிறார், வாயு வெளியேறியதை மறந்துவிட்டார். 4.4 சொல்பவர் கணக்கைச் சரியாகப் போட்டு, வெளியேறிய கார்பன் டை ஆக்சைடின் எடையைத் தூக்கி வைத்துவிட்டார். 10.0 சொல்பவர், பள்ளியில் மக்னீசிய நாடா எரிந்ததை நினைத்து, சுட்டால் ஆக்சிஜன் சேரும் என்று நம்புகிறார். மூவருக்கும் தேவையான மருந்து வேறு வேறு. எந்தப் பிழையை எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. இன்டர்னல் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வரிசை முக்கியம். கேள்வியைப் பலகையில் எழுதிப் படிக்க ஒரு நிமிடம். இரண்டு நிமிடம் பேச்சில்லாமல் அவரவர் யோசித்து நோட்டில் விடை எண்ணை எழுத வேண்டும். முதல் வாக்கு. விடையைச் சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். "உங்க விடைக்கு மாறா போட்டவங்களைத் தேடிப் பேசுங்க" என்று மூன்று நிமிடம். இரண்டாம் வாக்கு. பிறகு இரண்டு நிமிட விளக்கம். எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும். 50 நிமிடத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

முதல் வாக்கில் சரியான விடை 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் விழுந்தால்தான் பேசவிடுவது பலன் தரும். 30க்குக் கீழே போனால் கலந்துரையாடலில் தவறே பரவும். நிறுத்தி, வேறு கோணத்தில் பாடத்தைச் சொல்லுங்கள். 70க்கு மேல் என்றால் ஒரு வரியில் விளக்கிவிட்டு நகருங்கள். 120 பேரைத் துல்லியமாக எண்ண வேண்டாம். மூன்றில் ஒன்றா, பாதியா, முக்காலா என்பது மேடையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

எதைக் காட்டி வாக்களிப்பது? கைத்தூக்கல் வேண்டாம், முன் பெஞ்சைப் பார்த்துப் பின் பெஞ்சு தூக்கும். மொபைல் படிவம் துல்லியம்தான். ஆனால் போன் அனுமதியில்லாத கல்லூரிகள் பல, தரவு தீர்ந்த மாணவரும் பலர். பிளிக்கர்ஸ் என்பது மாணவர் தன் விடைக்கேற்பத் திருப்பிப் பிடிக்கும் குறியீட்டு அட்டை; அதைப் படிக்க ஆசிரியரின் ஒரே போன் போதும், ஆனால் பெரிய தொகுப்பிலேயே 63 அட்டைகள்தான். 120 பேருக்கு இரண்டு பேருக்கு ஓர் அட்டை என்று வரும்போது தனி வாக்கு போய்விடுகிறது. எங்கள் தேர்வு மிக எளிது: ஒரு ஏ4 தாளை நான்காக மடித்து, ஒவ்வொரு முகத்திலும் ஒரு நிறம், ஓர் எண். நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேல் தூக்கினால் எல்லோருக்கும் தெரியும், நெஞ்சருகே என்றால் மேடைக்கு மட்டும் தெரியும்.

விடைகளில் காரணத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதற்கு ஏற்காடு நல்ல உதாரணம். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே அரிசி வேகச் சேலத்தைவிட அங்கே நேரம் கூடுமா, குறையுமா என்று மட்டும் கேட்டால், "கூடும்" என்று ஏராளமானோர் சரியாகச் சொல்வார்கள். காரணம் கேட்டால் "குளிர் ஊரு சார்" என்பார்கள். வளிமண்டல அழுத்தம் குறைவதால் கொதிநிலை குறைகிறது என்ற இடத்துக்கு அவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள். "கூடும், காற்று குளிர்ச்சி என்பதால்" என்றும் "கூடும், கொதிநிலை குறைவு என்பதால்" என்றும் இரண்டு விடைகளைத் தனித்தனியாக வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

நான்காவது பீரியட்

மூத்த மாணவர்களை வைத்துப் படிக்க உதவும் ஏற்பாடுகளில் உலகில் பெயர்பெற்றவை இரண்டு. 1973இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் தொடங்கியது ஒன்று. அதில் மாணவர் விரும்பினால் வகுப்புக்கு வெளியே வந்து கலந்துகொள்ளலாம். மற்றொன்று 1990களில் நியூயார்க் சிட்டி காலேஜில் வேதியியல் பாடத்துக்காக உருவானது; பாடத்தின் அங்கமாகவே வாரந்தோறும் ஆறிலிருந்து எட்டுப் பேர் குழு, அந்தப் பாடத்தை அண்மையில் முடித்த மாணவர் ஒருவரின் துணையோடு கணக்குப் போடும். சேலத்துக்கு இரண்டாவதே பொருந்தும். விருப்பம்போல் வரலாம் என்று மாலை நாலு மணிக்கு வைத்தால், பஸ் நேரம் பார்க்கும் மாணவர் வரமாட்டார். வருபவர் ஏற்கனவே நன்றாகப் படிப்பவராக இருப்பார். கால அட்டவணைக்குள் இருந்தால் மட்டுமே தேவைப்படுகிறவருக்குப் போய்ச் சேரும்.

எட்டு என்ற எண்ணுக்கு நம் பெஞ்சும் காரணம். நாலு பேர் பெஞ்சில் முன்வரிசை திரும்பி உட்கார்ந்தால், பின்வரிசையோடு சேர்ந்து எட்டுப் பேர் முகம் பார்த்துவிடலாம். நாற்காலி, வட்டமேசை எதுவும் வாங்க வேண்டாம். படிப்படியாக உயரும் கேலரி ஹாலில் மட்டும் இது சிரமம்; கால் வைக்க இடமிருக்காது.

குழுவைப் பெயர்ப்பட்டியல் வரிசையில் பிரிக்காதீர்கள். நண்பர்கள் இஷ்டத்துக்கும் விடாதீர்கள். முதல் வாரம் 20 நிமிடத்தில் பத்துக் கேள்வித் தேர்வு ஒன்று வையுங்கள்: விகிதம், பத்தின் அடுக்கு, மடக்கை, பிளஸ் ஒன் மோல் கணக்கு. அதில் மேலே, நடுவே, கீழே வந்தவர்களை எல்லாக் குழுவிலும் கலக்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவரைத் தனி ஆளாக ஒரு குழுவில் போடாதீர்கள். குறைந்தது இரண்டு பேராவது இருந்தால்தான் வாய் திறப்பார்கள். மலைக் கிராமத்திலிருந்து வந்த மாணவருக்கும் இதே விதி. இருபாலர் கல்லூரியில் ஆண், பெண் கலந்த குழுதான் வேண்டும் என்று முதல் நாளே மல்லுக்கு நிற்க வேண்டாம். தனித்தனிக் குழுவாக இருந்தாலும் கணக்கு நடக்கும். அமைத்த குழுவைப் பாதிப் பருவமாவது கலைக்காதீர்கள்.

ஒரு தாள், மூன்று கணக்கு. முதலாவது எல்லோராலும் தொட முடிந்ததாக இருக்க வேண்டும். இரண்டாவது பருவத்தேர்வு வகை. மூன்றாவது, வாதம் கிளப்புவது. வெள்ளைக்கல் தூய்மையற்றதாக இருந்தால் எஞ்சும் எடை கூடுமா குறையுமா என்பது போல. உட்கார ஐந்து நிமிடம், கணக்குக்கு 35 நிமிடம், கடைசிப் பத்து நிமிடம் அரைத்தாளில் தனித்தேர்வு.

பெரும்பாலும் கெடுவது மூத்த மாணவரின் சாக்பீஸால். நல்லெண்ணத்தோடு எழுந்து கணக்கைப் போட்டுக் காட்ட ஆரம்பித்துவிடுவார். எட்டுப் பேரும் பார்த்து எழுதுவார்கள். சின்ன அளவில் மறுபடியும் விரிவுரை. இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, அவர்களுக்கு விடைத்தாள் கொடுக்காதீர்கள். வாராந்தர 45 நிமிடத்தில் அவர்களையே குழுவாக உட்காரவைத்து அதே மூன்று கணக்கையும் போடச் செய்யுங்கள். எங்கே தடுமாறும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். இரண்டு, கேட்க வேண்டிய கேள்விகளைப் பழக்குங்கள். "எங்கிருந்து ஆரம்பிச்சே?" "இந்த நம்பர் எதோட எடை?" "பக்கத்துல இருக்கறவங்க என்ன போட்டிருக்காங்க, கேளு." இந்த மூன்றும் முதல் மாதத்துக்குப் போதும்.

அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். தானே ஒருகாலத்தில் இந்தப் பாடத்தில் தடுமாறி எழுந்தவர் பொறுமையாகக் கேட்பார். சாரிடம் கேட்கத் தயங்குவதை, "அக்கா, இங்க ஏன் ரெண்டால வகுக்கறோம்?" என்று ஜூனியர்கள் அவரிடம் சட்டென்று கேட்டுவிடுவார்கள். பேச்சு தமிழில் நடக்கட்டும். தேர்வு ஆங்கிலத்தில் என்றால் எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும். வெப்பச்சிதைவு, மோலார் நிறை, வினைபொருள் என்று தமிழில் படித்து வந்தவருக்கு, ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் போட்ட நாற்பது சொல் பட்டியல் ஒன்றை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். பொருள் தெரிந்தும் பெயர் தெரியாமல் விழித்துக்கொண்டிருப்பவர் இந்த வகுப்புகளில் நிறையப் பேர்.

அரைத்தாள் தேர்வை ஆசிரியரே திருத்த வேண்டும். மூத்த மாணவரிடம் கொடுத்தால் குழுவோடு அவருக்குள்ள நட்பு கெடும். ஒரே கேள்வி, மதிப்பெண் 0, 1 அல்லது 2. தாளுக்கு 30 விநாடி என்றால் 120 தாளுக்கு ஒரு மணி நேரம். உள்மதிப்பீட்டு 25இல் ஐந்தை இதற்கு ஒதுக்கி, நல்ல எட்டுத் தாள்களை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒருநாள் வராதவர் பயப்பட மாட்டார். ஹாலில் நடக்கும் வாக்கெடுப்புக்கு மட்டும் சரி, தவறு பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். போட்ட மறுநாளே பார்த்துக் காட்ட ஆரம்பிப்பார்கள், உங்களுக்குக் கிடைத்த உண்மைத் தகவல் போய்விடும்.

இனி மூன்றாவது வாரம். தொடர்ந்து இரண்டு பூச்சியம், அல்லது இரண்டு அரைத்தாள் எழுதாதவர்: இந்தப் பட்டியலை எடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். கணக்கு அடிப்படை இல்லாதவருக்கு விகிதமும் அடுக்கும் மடக்கையும் நான்கு மணி நேரத்தில் சொல்லித்தர முடியும்; மூன்றாவது வாரத்தில் அதற்கு நேரம் இருக்கிறது, பத்தாவது வாரத்தில் இருக்காது. மொழி தடை என்றால் சொல் பட்டியலும் குழு மாற்றமும். இரவு வேலை, பஸ், வீட்டு நிலைமை என்றால் வகுப்பு ஆசிரியரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் பேசி ஏதாவது செய்ய வேண்டும். குறைந்தது, அந்தப் பிள்ளைக்குத் தன்னைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்பதாவது தெரியும். பட்டியல் 40, 50 என்று நீண்டால் யாரையும் கூப்பிடாதீர்கள். அந்த வாரப் பாடமே போய்ச் சேரவில்லை, திரும்ப நடத்துங்கள்.

ஒரு முணுமுணுப்பு நிச்சயம் வரும்: "சார் நடத்தவே மாட்டேங்கறார், எங்களையே போடச் சொல்றார்." இது எதிர்பார்த்ததுதான். 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், தாங்களே யோசித்துப் போட்ட மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்கும்போது புரிந்தது போலிருக்கும், தானே போடும்போது சிரமம் தெரியும். இதை முதல் வாரமே மாணவர்களிடம் திறந்து சொல்லிவிடுங்கள். முதல் இன்டர்னலுக்குப்பின் அரைத்தாள் மதிப்பெண்ணையும் இன்டர்னல் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். துறைத்தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். புகார் அவரிடம்தான் முதலில் போகும்.

எப்போது இந்த முடிவு மாறும்

வகுப்பு 60, 70 பேர்தான் என்றால் தனி அறைகள் வேண்டாம். நான்காவது பீரியட்டை அதே ஹாலில் வைத்து ஆசிரியரும் மூன்று நான்கு மூத்த மாணவர்களும் சுற்றி வந்தால் போதும். 180ஐத் தாண்டினால் முதலில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இதே மூன்றும் ஒன்றும் வையுங்கள். மூத்த மாணவர்களே இல்லாத புதிய கல்லூரியில், மூன்று பீரியட் சேர்த்து நடத்தி, நான்காவதை மட்டும் அறுபது அறுபதாக இரண்டு ஆசிரியர்கள் எடுப்பது அடுத்த நல்ல வழி. அடுத்த ஆண்டு இரண்டாமாண்டுக்கு வரும் மாணவர்களிலிருந்து குழுத்துணைவர்களைத் தேடலாம்.

கால அட்டவணைக் குழுவிடம் கேட்க வேண்டியவை இவை. நான்காவது பீரியட் மூன்று துறைகளுக்கும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். முதல் பீரியட்டாக வேண்டாம், தொலைதூர பஸ்கள் தாமதமாகும். கடைசி பீரியட்டாகவும் வேண்டாம், பாதிப் பேர் மனம் பஸ் நிலையத்தில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு அறைகள், கேலரி இல்லாதவை. இவை எல்லாவற்றையும் வாங்கிவிட்டு ஒன்றை மறந்துவிடுவது வழக்கம்: அதே பீரியட்டில் 15 மூத்த மாணவர்களுக்கும் வகுப்போ ஆய்வகமோ இருக்கக்கூடாது. முதுகலை ஆய்வக நாள்கள் முதலில் முடிவாகும் என்பதால், அவர்களின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதலாமாண்டின் நான்காவது பீரியட்டை எந்த நாளில் போடுவது என்று பேச உட்கார வேண்டும். 15 பேரும் ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை என்றால், எட்டுப் பேரை வைத்து ஆளுக்கு இரண்டு குழுவாகத் தொடங்கிவிடுங்கள்.